சுரங்கம் மூடிய பின் நெல் விளையுமா? திட்டத்திலேயே கேளுங்கள்

திறந்தவெளிச் சுரங்கத்துக்கான மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டங்களில் இழப்பீடு, வேலை, நிலத்தடி நீர் ஆகிய மூன்றைப் பற்றித்தான் பெரும்பாலும் பேச்சு எழுகிறது. எழத்தான் வேண்டும். ஆனால் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையில் நில மீட்பு பற்றியும் ஒரு பகுதி இருக்கும். தோண்டிய குழியை எப்படி நிரப்புவார்கள், மேலே எதைப் பரப்புவார்கள், எதை நடுவார்கள் என்பதெல்லாம் அதில்தான் வரும். உங்கள் பேரப்பிள்ளைகள் அங்கே ஏர் பூட்ட முடியுமா என்பதை முடிவு செய்வது அந்தச் சில பக்கங்கள்தான்.

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேல் பல பத்து மீட்டர் கனத்துக்கு மணலும் களிமண்ணும் கிடக்கின்றன. அவற்றின் உச்சியில் இருக்கும் ஓரிரு அடி மண்தான் நாம் தலைமுறைகளாக எருவிட்டு உழுத மண். அதைத் தனியாக எடுத்து வைக்காமல் மற்ற மண்ணோடு கலந்து கொட்டிவிட்டால், பிறகு எந்த விஞ்ஞானியாலும் பிரித்துத் தர முடியாது. எனவே நில மீட்பு என்பது சுரங்கம் மூடும்போது தொடங்கும் வேலை அல்ல. முதல் இயந்திரம் வயலில் இறங்கும் நாளிலேயே அது தொடங்கிவிடுகிறது.

இந்த விஷயத்தில் அமெரிக்கச் சட்டம் ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது. 1977-ல் வந்த அந்தச் சட்டம், முதல்தர விளைநிலத்தில் நிலக்கரி தோண்ட வருபவர்களுக்குத் தனி விதிகளை வைத்திருக்கிறது. அனுமதி தருவதற்கு முன்பே வேளாண் துறையின் மண் வல்லுநர்கள் திட்டத்தைப் பார்த்துக் கருத்துச் சொல்ல வேண்டும். மேல்மண்ணையும் அடிமண்ணையும் தனித்தனியாக எடுத்து, தனித்தனியாகக் குவித்து, அதே வரிசையில் திரும்பப் பரப்ப வேண்டும். வேர் இறங்குவதற்குப் பொதுவாக 48 அங்குல ஆழம், அதாவது 4 அடி மண் வேண்டும். நிறுவனம் முன்கூட்டியே பிணைத்தொகை கட்ட வேண்டும்.

என்னைக் கவர்ந்தது அடுத்த விதி. மீட்ட நிலத்தில் குறைந்தது 3 பயிர் ஆண்டுகளின் விளைச்சலை அளக்கிறார்கள். சராசரி விளைச்சல், அதே பகுதியில் தோண்டப்படாத அதே வகை மண்ணுக்கு நிர்ணயித்த விளைச்சலை எட்டினால்தான் பிணைத்தொகை விடுபடும். அங்கே வரிசைப் பயிர்கள் அதிகம் என்றால், அவற்றில் ஆழமாக வேர்விடும் பயிரைச் சோதனையில் கட்டாயம் சேர்க்க வேண்டும். புல்லை வளர்த்துக் காட்டித் தப்பிக்க முடியாது.

இவ்வளவு கடுமை எதற்கு என்றால், கண் ஏமாறும். இல்லினாய் மாநிலத்தில் மீட்ட நிலங்களை ஆராய்ந்தவர்கள் கண்ட பெரிய சிக்கல் உரக்குறைபாடு அல்ல, மண் இறுக்கம். கனரக இயந்திரங்கள் மண்ணைப் பரப்பிக்கொண்டே அதன் மேலேயே ஓடியதால் அடிமண் கெட்டித்துப்போனது. மழை தவறாமல் பெய்த ஆண்டில் மக்காச்சோளம் ஓரளவு தாக்குப்பிடித்தது. வறண்ட ஆண்டில் வேர் கீழே இறங்கி ஈரத்தைத் தேட முடியாமல் விளைச்சல் விழுந்தது. லாரியில் கொண்டுவந்து, மேலே வண்டி ஏற்றாமல் பரப்பிய மண் நன்றாக இருந்தது. இறுகிய நிலத்தை மிக ஆழமாகக் கிளறிச் சரிசெய்யவும் முடிந்தது, ஆனால் அது நம் சட்டிக்கலப்பைக்கு எட்டும் ஆழம் அல்ல.

நம் நாட்டில் நிலக்கரிச் சுரங்கங்களுக்கான மூடல் திட்ட வழிகாட்டுதல்கள் 2009-ல் வந்தன. திறந்தவெளிச் சுரங்கத்துக்கு ஹெக்டேருக்கு 6 லட்சம் ரூபாய் என்ற கணக்கில் தனி வங்கிக் கணக்கில் பணம் கட்டவேண்டும் என்றார்கள். பிற்பாடு தொகையும் விதிகளும் திருத்தப்பட்டன. 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும், சுரங்க வேலை முடிந்த நிலத்தில் தீவனமும் செடிகொடிகளும் வளரும்படி மீண்டும் புல் வளர்க்க வேண்டும் என்பதை நிபந்தனையாக்கச் சொன்னது. நல்லதுதான். ஆனால் புல் முளைப்பதும் நெல் விளைவதும் ஒன்றல்ல. விளைச்சலை அளந்து பார்த்துப் பணத்தை விடுவிக்கும் முறை நமக்கு இன்னும் வரவில்லை. எத்தனை ஹெக்டேர் நிரப்பப்பட்டது, எத்தனை மரக்கன்று நடப்பட்டது என்ற எண்ணிக்கையே முன்னால் நிற்கிறது.

கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாட்களுக்கு முன் நாளிதழில் அறிவிப்பு வர வேண்டும் என்கிறது 2006-ம் ஆண்டு அறிவிக்கை. அறிக்கையின் தமிழ்ச் சுருக்கம் கிடைக்கும். ஆனால் சுருக்கத்தோடு நின்றுவிடாதீர்கள். ஆட்சியர் அலுவலகத்தில் முழு வரைவு அறிக்கை பார்வைக்கு இருக்கும், நில மீட்புப் பகுதியை அங்கே கேட்டுப் படியுங்கள். மேல்மண் எத்தனை அடி எடுக்கப்படும், எங்கே குவிக்கப்படும், எத்தனை ஆண்டு கிடக்கும்? ஆண்டுக்கணக்கில் உயரமாகக் குவித்த மண்ணில் வேர்ப்பூஞ்சை போன்ற நல்ல உயிர்கள் குறைந்துபோகும் என்பதால் கடைசிக் கேள்வி முக்கியம். கடைசியில் நிலம் சாகுபடிக்கா, தோப்புக்கா, குட்டைக்கா? சாகுபடிக்கு என்றால் எந்தப் பயிர், எவ்வளவு விளைச்சல்? இவற்றை எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை வாங்குங்கள். கூட்ட நடவடிக்கைக் குறிப்பை முடிவில் உங்கள் முன் வாசித்துக்காட்ட வேண்டும். உங்கள் கேள்வி அதில் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு எழுந்திருங்கள்.

வேளாண் விரிவாக்கப் பணியாளர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. ‘முன்பு இங்கே எவ்வளவு விளைந்தது?’ என்று 20 ஆண்டு கழித்து யாராவது கேட்டால் காட்டுவதற்குச் சான்று வேண்டும். பயிர்க் காப்பீட்டுக்காக நடத்தும் பயிர் அறுவடைப் பரிசோதனைகளின் விவரங்களை ஊர்வாரியாகத் திரட்டி வையுங்கள். மண்வள அட்டை உதவும், ஆனால் நெல் வயலில் அது மேலே உள்ள 15 செ.மீ. மண்ணின் கதையை மட்டுமே சொல்லும். சுரங்கம் வரப்போகும் ஊர்களில் 4 அடிக்குக் குழி வெட்டி, அடுக்கு அடுக்காக மாதிரி எடுத்து, ஆய்வறிக்கையின் ஒரு நகலை ஊராட்சி அலுவலகத்திலும் கொடுத்துவிடுங்கள். குழி வெட்டுவது அரை நாள் வேலை. அதை இயந்திரம் இறங்குவதற்கு முன்புதான் செய்ய முடியும்.