சத்தம் போடாத வால்வுதான் ஆபத்து

உங்கள் தாத்தா வீட்டுக் கொட்டகையில் பழைய கப்சாய் ஒன்று நிற்கிறதா? காலையில் அதை உதைத்துக் கிளப்பியதும், தையல் இயந்திரம் ஓடுவதுபோல ‘டிக் டிக் டிக்’ என்று ஓர் ஒலி எஞ்சினிலிருந்து வருகிறதா? “டேப்பட் சத்தம், மோட்டார் கடையில் காட்ட வேண்டும்” என்பார் தாத்தா. கடைக்காரர் இரண்டு மூடிகளைக் கழற்றுவார், ஒரு திருகை லேசாகத் திருப்புவார், மூடுவார். ஒலி அடங்கிவிடும்.

உலோகத்தோடு உலோகம் மோதுவதால்தான் அந்த ஒலி வருகிறது. இரண்டுக்கும் நடுவே இடைவெளி இருப்பதால்தான் மோதல். அப்படியானால் அந்த இடைவெளியை அறவே இல்லாமல் செய்துவிட்டால் என்ன? எஞ்சின் அமைதியாக ஓடுமே! ஆனால் கடைக்காரர் அப்படிச் செய்வதில்லை. மெல்லிய தகடு ஒன்றை நடுவில் நுழைத்துப் பார்த்து, வேண்டுமென்றே கொஞ்சம் இடைவெளி விடுகிறார். ஹோண்டா சி70, இஎக்ஸ்5 போன்ற கப்சாய்களில் அந்த இடைவெளி 0.05 மில்லிமீட்டர். நீங்கள் பள்ளியில் அச்செடுக்கும் ஏ4 தாளின் தடிமன் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர். அதில் பாதி!

கப்சாய் என்ற பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. ஹோண்டா 1958இல் ஜப்பானில் வெளியிட்ட ‘சூப்பர் கப்’ வண்டியின் பெயரோடு, சிறியது என்று பொருள்படும் ‘சாய்’ என்ற சீனச் சொல் ஒட்டிக்கொண்டது. இந்தச் சூப்பர் கப் வரிசை வண்டிகளின் மொத்த உற்பத்தி 2017இல் பத்துக் கோடியைத் தொட்டது. நம் நாட்டில் செம்பனைத் தோட்டம், சந்தை, பள்ளிக்கூடம் என்று அது போகாத இடமில்லை. எஞ்சினைக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல ஆசான் கிடைப்பது கடினம். ஒரே சிலிண்டர், இரண்டே வால்வுகள். எல்லாம் கைக்கு எட்டும்.

வால்வு என்பது நீண்ட காம்புள்ள காளான் போன்ற எஃகுத் துண்டு. ஒன்று பெட்ரோல் கலந்த காற்றை உள்ளே விடும், மற்றொன்று எரிந்த புகையை வெளியே விடும். முட்டை வடிவப் புடைப்புள்ள கேம் தண்டு சுழலும்போது, ராக்கர் என்ற சிறு நெம்புகோலின் ஒரு முனையைத் தூக்கும். மறுமுனை வால்வுக் காம்பின் தலையில் அழுத்த, வால்வு திறக்கும். புடைப்பு நகர்ந்ததும் சுருள்வில் அதை இழுத்து மூடிவிடும். எஞ்சின் நிமிடத்திற்கு 6,000 சுற்று சுழன்றால், கேம் தண்டு அதில் பாதியாக 3,000 சுற்றுதான் சுழலும். அதாவது ஒவ்வொரு வால்வும் ஒரு விநாடிக்கு 50 தடவை திறந்து மூடுகிறது.

இனி வெப்ப விரிவுக்கு வருவோம். எஃகு ஒவ்வொரு பாகை செல்சியசுக்கும் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் சுமார் 12 பங்கு நீளும். 10 சென்டிமீட்டர் எஃகுக் கம்பியை 100 பாகை கூடுதலாகச் சூடாக்கினால் 0.12 மில்லிமீட்டர் நீளும். நம் 0.05ஐப் போல இரண்டு மடங்குக்கும் மேல்! புகை வெளியேறும் பக்கத்து வால்வின் தலையோ 600 பாகையைத் தாண்டிச் சூடாகிறது.

“அப்படியென்றால் 0.05 எப்படிப் போதும்?” என்று கேட்டால் நீங்கள் சரியாக யோசிக்கிறீர்கள். வால்வு மட்டுமா விரிகிறது? அதைத் தாங்கும் சிலிண்டர் தலை அலுமினியத்தால் ஆனது. அலுமினியம் எஃகைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். ஆனால் அது வால்வு அளவுக்குச் சூடாவதில்லை. ஒன்று அதிகம் சூடாகிறது, மற்றொன்று அதிகம் விரிகிறது. இந்தப் போட்டியில் மிஞ்சும் வித்தியாசத்துக்கு இடம் விடத்தான் அந்த இடைவெளி. அதனால்தான் ஒவ்வோர் எஞ்சினுக்கும் அளவு வேறு. பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டலில் சிலிண்டரும் தலையும் கூடுதலாக விரிவதால், எஞ்சின் சூடானதும் இடைவெளி பெரிதாகிவிடும்! ஒரு வண்டியின் அளவை இன்னொன்றுக்குப் போடக் கூடாது. கையேட்டைப் பாருங்கள்.

இடைவெளி கூடினால் வால்வு தாமதமாகத் திறந்து, சீக்கிரம் மூடும். கொஞ்சம் இழுவை குறையும், சத்தம் வரும், பாகங்கள் மெல்லத் தேயும். வண்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும். இடைவெளி இல்லாமல் போனால் கதை வேறு. வால்வு முழுதாக மூடாமல் ராக்கர் தாங்கிப் பிடித்துக்கொள்ளும். வால்வு தன் சூட்டில் பெரும்பகுதியை, மூடியிருக்கும் நேரத்தில் தன் இருக்கையைத் தொட்டுத்தான் தலைக்குக் கடத்துகிறது. தொடாவிட்டால் சூடு போக வழியில்லை. போதாக்குறைக்கு, எரியும் வாயு அந்தச் சிறு சந்து வழியே பீறிட்டு வால்வின் விளிம்பையே அரித்துவிடும். ‘வால்வு எரிந்துவிட்டது’ என்று கடையில் சொல்வது இதைத்தான். அதன் பிறகு தலையைக் கழற்றியாக வேண்டும், செலவும் பல மடங்கு.

இத்தனையும் நடக்கும்போது டேப்பட் சத்தமே இருக்காது. வால்வு தன் இருக்கையில் தேய்ந்து உள்ளே அமிழ அமிழ, காம்பு ராக்கரை நோக்கி ஏறி, இடைவெளி தானாகவே சுருங்கும். “பரவாயில்லை, வண்டி முன்பைவிட அமைதியாகிவிட்டதே” என்று தாத்தா மகிழும் நேரம்தான் கவலைப்பட வேண்டிய நேரம். உதைக்கும்போது கால் வழக்கத்தைவிட லேசாக இறங்குகிறதா, சூடான எஞ்சின் மறுபடி கிளம்ப அடம் பிடிக்கிறதா என்று கவனியுங்கள்.

வீட்டில் செய்வதென்றால் பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் முழுதாக ஆறியிருக்க வேண்டும். இரவு முழுக்க நின்ற வண்டியைக் காலையில் பார்ப்பது உத்தமம். சாவியை அணைத்து, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் எஞ்சினைக் கையால் சுற்றுவது எளிது. சிலிண்டர் தலையின் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு வட்ட மூடிகள் இருக்கும். கீழ் மூடியைத் திறந்தால் கொஞ்சம் எண்ணெய் வடியும், பழைய நாளிதழைப் போட்டுக்கொள்ளுங்கள் (அறிவியல் பக்கத்தை மட்டும் எடுத்து வைத்துவிட்டு).

இடப்பக்க மூடியையும் திறந்து, உள்ளே தெரியும் சக்கரத்தை இடஞ்சுழியாகச் சுற்றுங்கள். அதில் ‘எஃப்’, ‘டி’ என்று இரண்டு ஆங்கில எழுத்துக் குறிகள் இருக்கும். ‘டி’யின் கோடு எஞ்சினில் உள்ள குறிக்கு நேராக வந்தால் பிஸ்டன் உச்சியில் இருக்கிறது. பலர் இடறுவது இங்கேதான். நான்கு வீச்சு எஞ்சினில் பிஸ்டன் ஒரு சுழற்சிக்கு இரண்டு தடவை உச்சிக்கு வரும். காற்றை அழுத்தி முடித்த உச்சியில் இரண்டு வால்வுகளும் மூடியிருக்கும். புகையைத் தள்ளி முடித்த உச்சியில் இரண்டுமே லேசாகத் திறந்திருக்கும். நமக்கு வேண்டியது முதலாவது. ராக்கர்களை விரலால் ஆட்டிப் பாருங்கள். இரண்டும் துளி ஆடினால் சரி. இறுக்கமாக இருந்தால் இன்னும் ஒரு முழுச் சுற்று சுற்றிவிட்டு மறுபடி ஆட்டிப் பாருங்கள். அப்போதும் ஒன்று ஆடவில்லையா? அந்த வால்வுக்குத்தான் இடைவெளியே இல்லை.

ஃபீலர் கேஜ் என்ற தகட்டுக் கட்டில் 0.05 தகட்டை எடுத்து, ராக்கர் திருகுக்கும் வால்வுக் காம்புக்கும் நடுவே நுழையுங்கள். லேசான இழுவையோடு நகர வேண்டும். அடுத்த தடிமனான தகடு நுழையக் கூடாது. அளவு தவறினால், பூட்டு நட்டைத் தளர்த்தித் திருகைத் திருப்ப வேண்டும். எவ்வளவு? திருகு ஒரு முழுச் சுற்றுக்கு அரை மில்லிமீட்டர் நகரும் என்று வைத்தால், 0.05க்கு 36 பாகை போதும். கடிகார முள் ஒரு மணியிலிருந்து இரண்டு மணிக்கு நகர்வதைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான். திருகை அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்கி, தகட்டை மீண்டும் நுழைத்துப் பாருங்கள். இறுக்கும்போது அளவு கொஞ்சம் மாறிவிடும். என்னைக் கேட்டால், இந்த இரண்டாவது சோதனையைத் தவிர்ப்பவர் வேலையே செய்யாமல் இருப்பது மேல்.

மூடிகளைப் போடும்போது ரப்பர் வளையங்கள் விறைத்திருந்தால் மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் எண்ணெய் கசியும். அளவு சரியாக வைத்தும் ‘டிக் டிக்’ நிற்கவில்லையா? திருகின் முனையை டார்ச் அடித்துப் பாருங்கள். பல ஆண்டுகள் அடிபட்ட முனையில் சிறு குழி விழுந்திருக்கும். தட்டையான தகடு அந்தக் குழிக்குள் இறங்காது, அதன் விளிம்புகளை மட்டுமே தொடும். தகடு 0.05 என்று சொல்லும், உண்மையான இடைவெளி அதைவிடப் பெரிதாக இருக்கும். அப்படியானால் திருகை மாற்ற வேண்டியதுதான். சத்தத்தை அடக்க இன்னும் கொஞ்சம் இறுக்கிவிடலாமே என்று யாராவது சொன்னால், ஸ்பேனரை அவர் கையில் கொடுத்துவிடாதீர்கள்.