தானாக மாறும் கியர்ப் பெட்டியின் கோளாறுகள்

ஐக்கிய அமெரிக்க நாட்டுப் பண்ணைகளில், 1970-ஆம் ஆண்டுகளில் வாங்கப்பெற்ற ஷெவர்லே சிறு லாரிகள் இன்றும் தீவன மூட்டைகளையும் வேலிக் கம்பிகளையும் சுமந்து ஓடுகின்றன. அவற்றுட் பலவற்றில் டர்போ ஹைட்ராமாட்டிக் 350 என்னும் தானியங்கிக் கியர்ப் பெட்டி பொருத்தப்பட்டுள்ளது. ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியார் இதனை 1969-ஆம் ஆண்டு மாதிரி வண்டிகளிற் புகுத்தினர். பெட்டி சரிவர வேலை செய்யாதபோது, உட்பாகம் முழுவதும் தேய்ந்துவிட்டதெனக் கருதிச் சொந்தக்காரர் வண்டியின் விலைக்கு நிகரான தொகையைப் பட்டறைக்குக் கொடுத்துவிடுவதுண்டு. ஆனால் கோளாறு விரற்கடை நீளமுள்ள ரப்பர்க் குழாயொன்றில் இருத்தலுங் கூடும். ஆகையால் பெட்டியை இறக்குமுன் கவனிக்கற்பாலன சில உள.

இவ்வகைப் பெட்டியில் இஞ்சினின் விசையைச் சக்கரத்திற்குக் கடத்துவதும், கிளட்சுத் தட்டுகளை அழுத்திப் பிடிப்பதும், உராயும் பாகங்களைக் குளிர்விப்பதும் எண்ணெயே. எனவே சோதனை எண்ணெயிலிருந்து தொடங்குதல் வேண்டும். வண்டியைச் சிறிது தூரம் ஓட்டிச் சூடேற்றி, சமதரையில் நிறுத்தி, கைப்பிரேக்கை இட்டு, மாற்றுக் கோலை எல்லா நிலைகளிலும் ஒருமுறை நகர்த்தியபின் 'பார்க்' நிலையில் வைத்து, இஞ்சின் ஓடும்போதே அளவுக் கம்பியை உருவிப் பார்க்கவும். இஞ்சினை நிறுத்திவிட்டுப் பார்த்தால் அளவு பொய்யாகக் காட்டும். குறைந்த எண்ணெயினால் பம்பு காற்றை உறிஞ்சும். மிகுந்த எண்ணெயைச் சுழலும் பாகங்கள் கடைந்து நுரையாக்கும். இரண்டினாலும் கிளட்சு நழுவும். நல்ல எண்ணெய் சிவந்து தெளிவாயிருக்கும். கறுத்துக் கருகல் நாற்றம் வீசின் தட்டுகள் எரிந்துள்ளன. பால் கலந்தாற்போலிருப்பின் ரேடியேட்டருக்குள் அமைந்த எண்ணெய்க் குளிர்விப்பான் ஓட்டையாகி நீர் புகுந்துவிட்டதென்று அறியலாம். அவ்வண்டியை ஒரு மைல் தூரமும் ஓட்டலாகாது, ஏனெனில் அந்நீர் தட்டுகளின் பசையைக் கரைத்துவிடும்.

எண்ணெய் அடிக்கடி குறைந்தும் தரையில் ஒழுக்கு இல்லையேல் மாடுலேட்டர் என்னும் சிறு கருவியை ஐயுறுக. அது பெட்டியின் வலப்புறத்துப் பின்பாகத்தில் உளது. இஞ்சினின் உறிஞ்சல் ஒரு ரப்பர்க் குழாய் வழியாக அதற்கு எட்டி, பாரம் மிகுதியா குறைவா என்பதை உணர்த்துகிறது. அதனுள்ளிருக்கும் சவ்வு கிழிந்தால் எண்ணெய் இஞ்சினுக்குள் இழுக்கப்பட்டு எரிந்து, புகைப்போக்கியில் வெண்புகை எழும். குழாயைக் கழற்றினால் உள்ளே எண்ணெய் ஈரம் காணப்படும். குழாய் வெடித்திருந்தாலோ, இஞ்சின் எப்பொழுதும் முழுப் பாரம் இழுப்பதாகப் பெட்டி ஏமாந்து, கியரைக் காலந்தாழ்த்தி முரட்டுத்தனமாக மாற்றும். இதற்கு வேண்டிய செலவு புதுக் குழாயின் விலையே.

வண்டி முதல் கியரிலேயே நின்று இரண்டாவதற்கு ஏறாவிடில், இடப்புறத்தில் கம்பி வளையத்தாற் பிடிக்கப்பட்ட வட்ட மூடியைத் திறந்து, கவர்னரை வெளியே எடுத்துப் பார்க்கவும். அதன் பிளாஸ்டிக் பற்சக்கரம் தேய்ந்துபோதல் வழக்கம். பெட்டியை இறக்காமலே இதை மாற்றிவிடலாம்.

இவையெல்லாம் செவ்வையாயிருந்தும் நழுவல் நீங்காவிடில், எந்நிலையில் நழுவுகிறது என்பதே துப்பாகும். முன்செல்லும் கியர் அனைத்திலும் நழுவிப் பின்செல்லுதல் மட்டும் நன்றாயிருப்பின் குற்றம் முன்செல் கிளட்சினுடையது. மூன்றாவது கியரும் பின்செல்லுதலும் ஒருங்கே கெட்டால் அவ்விரண்டிற்கும் பொதுவான நேர்க் கிளட்சு தேய்ந்தது. மூன்றாவது நன்றாயிருந்து, பின்செல்லுதல் கெட்டு, கோலைத் தாழ்நிலையில் வைத்து இறக்கத்தில் இறங்கும்போது இஞ்சின் வண்டியைத் தடுக்காவிடில், பின்புறத்துத் தாழ்கிளட்சே காரணம். இம்மூன்றிற்கும் பெட்டியைப் பிரித்தல் இன்றியமையாதது. 'பட்டையை இறுக்கினால் சரியாகும்' என்னும் பேச்சு கிரைஸ்லர் கம்பெனியாரின் டார்க்பிளைட் பெட்டிக்குச் சில வேளைகளிற் பொருந்தும். இப்பெட்டியில் வெளியிலிருந்து இறுக்கத்தக்க பட்டை எதுவுமில்லை. நழுவலை நீக்குமென்று டப்பிகளில் விற்கப்படும் மருந்துகளும் எரிந்த தட்டை மீட்கமாட்டா.

பிரிக்குமுன் அடித்தட்டைக் கழற்றிப் பார்ப்பது நன்று. எண்ணெய் கொதிசூடாயிருக்குமாதலால் ஆறியபின்னரே கழற்றவும். வண்டியை ஜாக்கியின்மேல் மட்டும் நிறுத்தி அடியிற் புகலாகாது. உறுதியான தாங்குகட்டைகள் வேண்டும். தட்டின் அடியில் சாம்பல் நிற வண்டல் சிறிது படிந்திருத்தல் இயல்பே. உலோகச் சிம்புகளும் கருந்தட்டுத் துணுக்குகளும் குவிந்திருந்தால் பழுது முற்றியது. சிம்பு இல்லையேல் வடிகட்டியை மாற்றி, டெக்ஸ்ரான் வகை எண்ணெயை ஊற்றிப் பார்க்கலாம். அடித்தட்டின் வழியே வடிவது மொத்த எண்ணெயிற் பாதிக்கும் குறைவாதலால், வடிந்ததை அளந்து அவ்வளவே முதலில் ஊற்றுக.

பெட்டி புதுப்பிக்கப்படுமாயின், ரேடியேட்டருக்குச் செல்லும் எண்ணெய்க் குழாய்களையும் கழுவித் தருமாறு பட்டறைக்காரரிடம் முன்னரே பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும். அக்குழாய்களில் தங்கிய பழைய சிம்புகள் புதுத் தட்டுகளைச் சின்னாட்களில் அரித்துவிடும்.