உஷார்! உங்கள் வெப்சைட் யார் பெயரில் இருக்கிறது?

கடைக்குப் புதிதாக வெப்சைட் போடப் போகிறீர்களா? அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்!

கரூரில் போர்வை, திரைச்சீலை விற்கும் ஒரு பெண்மணிக்கு நடந்தது இது. தெரிந்த பையன்தானே என்று வெப்சைட் வேலை எல்லாவற்றையும் ஒருவனிடமே விட்டுவிட்டார். டொமைனை, அதாவது வெப்சைட் முகவரியை, அவன் தன் பெயரில், தன் மெயில் ஐடியில் வாங்கினான். இவரோ கடை போர்டு, விசிட்டிங் கார்டு, துணிப்பை என எல்லாவற்றிலும் அந்த முகவரியை அச்சடித்துவிட்டார். பையன் வெளியூர் வேலைக்குப் போனான். போன் நம்பரும் மாறியது. ரினியூவல் மெயில்கள் அவனுக்குத்தான் போயின. அவன் பார்க்கவே இல்லை. தீபாவளி நெருங்கும் நேரத்தில் சைட் நின்றது. பதிவு நிறுவனத்தைக் கேட்டால், “உங்கள் பெயரில் எதுவும் இல்லையே அம்மா” என்றார்கள்.

பலருக்குத் தெரியாது, டொமைன் யாருக்கும் நிரந்தரச் சொத்து இல்லை! டாட் காம் என்றால் ஒரே மூச்சில் அதிகபட்சம் 10 ஆண்டுக்குத்தான் பதிவு. கெடு தாண்டி நீக்கப்பட்டால், மீட்க 30 நாள். அதுவும் பதிவு செய்தவரால்தான் முடியும், கட்டணமும் அதிகம். அதன்பின் 5 நாளில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். உங்கள் கடைப் பெயரில் போலி சைட் நடத்திப் பணம் பிடுங்கினால், ஏமாந்தவர்கள் தேடி வருவது உங்கள் வாசலுக்குத்தான்!

வெப்சைட் செய்பவர் “டொமைனா? அதை நான் பாத்துக்கறேன்க்கா” என்றாலே உஷார். கொட்டேஷனில் அடுத்த வருட ரினியூவல் தொகை இல்லையா? உஷார். பாஸ்வேர்டு கேட்டால் பேச்சை மாற்றுகிறாரா? கூடுதல் உஷார்! “படமெல்லாம் கூகுள்ல எடுத்துக்கலாம்” என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அடுத்தவர் படத்துக்கு நஷ்டஈடு கேட்டு வரும் நோட்டீஸ் உங்கள் கடைக்குத்தான் வரும்.

இன்னொன்று. பணம் கொடுத்துவிட்டால் சைட் நம்முடையது என்று நம்பாதீர்கள். வெளியாள் எழுதிய நிரலின் உரிமை, அவர் எழுத்தில் கையெழுத்திட்டுத் தந்தால்தான் உங்களுக்கு மாறும். 1957-ம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-வது பிரிவு சொல்வது அது.

முதலில் கடைக்கென்று ஒரு மெயில் ஐடி தொடங்குங்கள். ஓடிபி உங்கள் போனுக்கு வரட்டும். டொமைனை உங்கள் பெயரில், உங்கள் பணத்தில் நீங்களே வாங்குங்கள். வேலை செய்பவருக்கு அதற்குப் பிறகு லாகின் கொடுத்தால் போதும். ஏற்கெனவே சைட் இருக்கிறதா? செய்துகொடுத்தவருக்கு இன்றே போன் போடுங்கள். அவர் நல்லவராகவே இருக்கட்டும், டொமைனை உங்கள் பெயருக்கு மாற்றி வாங்கிவிடுங்கள்!