திண்டுக்கல் அடுப்புக்கு கியாஸ் எங்கிருந்து வருகிறது? குழாய் வந்தால் கவலை தீருமா?

திண்டுக்கல்லில் கடல் கிடையாது. ஆனாலும் இந்த ஊரில் அடுப்பு எரிவதும் எரியாததும் கடலில் வரும் கப்பலைப் பொறுத்துத்தான் இருக்கிறது!

பேகம்பூரில் டீக்கடை நடத்துகிறவர் ஆனாலும் சரி, நாகல்நகரில் விடியற்காலையில் இட்லி ஊற்றும் இல்லத்தரசி ஆனாலும் சரி, சிலிண்டர் வந்தால் கவலை இல்லை. வராவிட்டால் ஏஜென்சிக்கு போன் போடுவார்கள். "லோடு வரலைங்க" என்று பதில் வரும். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

அந்த லோடு எங்கே கிளம்புகிறது? வழியில் யார் யார் கையில் இருக்கிறது? நாளைக்கு குழாயில் கியாஸ் வந்துவிட்டால் இந்தக் கஷ்டம் தீருமா? விசாரித்தால் பல விஷயங்கள் திடுக்கிட வைக்கின்றன.

100 சிலிண்டரில் 60

இந்தியாவில் செலவாகும் சமையல் கியாசில் பாதிக்கு மேல் வெளிநாட்டுச் சரக்கு. 2024-25ம் ஆண்டில் நாடு முழுவதும் சுமார் 3 கோடியே 10 லட்சம் டன் கியாஸ் செலவானது. இதில் 100க்கு 60 பங்குக்கு மேல் இறக்குமதி.

அதாவது, திண்டுக்கல் தெருக்களில் தினமும் உருளும் 10 சிலிண்டர்களில் 6 சிலிண்டருக்கான கியாஸ் கப்பலில் வந்தது என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

2025 வரை அதில் பெரும்பகுதி கத்தார், குவைத், சவுதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம் ஆகிய நாடுகளில் இருந்துதான் வந்தது.

கடலில் ஒரு சந்து

வளைகுடா நாட்டுக் கப்பல்கள் வெளியே வர ஹோர்முஸ் ஜலசந்தி என்ற குறுகிய வழி இருக்கிறது. மிகவும் குறுகலான இடத்தில் அகலம் சுமார் 33 கிலோ மீட்டர்தான். ஒரு கரையில் ஈரான். மறு கரையில் ஓமன்.

2025 ஜூன் மாதம் இஸ்ரேலுக்கும் ஈரானுக்கும் 12 நாள் சண்டை நடந்தது. 22ந் தேதி அமெரிக்க விமானங்கள் ஈரானில் குண்டு வீசின. அன்றைக்கே, ஜலசந்தியை மூடலாம் என்று ஈரான் நாடாளுமன்றம் ஆதரவு தெரிவித்தது.

அந்த முறை மூடவில்லை. மூடியிருந்தால் முதல் அடி விழுந்திருப்பது நம்ம ஊர் அடுப்பில்தான்!

அதே ஆண்டு நவம்பரில் இந்திய அரசு எண்ணெய் கம்பெனிகள் அமெரிக்காவுடன் ஓர் ஒப்பந்தம் போட்டன. 2026ம் ஆண்டுக்கு 22 லட்சம் டன் கியாஸ் வாங்க ஏற்பாடு. இது இறக்குமதியில் சுமார் பத்தில் ஒரு பங்கு. ஒரே கடையில் அரிசி வாங்கிய குடும்பம், இரண்டாவது கடையில் கணக்கு தொடங்கிய மாதிரி. ஆனால் அந்தக் கடை ரொம்ப தூரம்.

நாமக்கல் லாரி நின்றால்...

கப்பல் வந்து சேர்ந்தாலும் வேலை முடியவில்லை.

துறைமுகத்தில் இருந்தும் சுத்திகரிப்பு ஆலையில் இருந்தும் கியாசை டேங்கர் லாரிகள் ஏற்றி வருகின்றன. மதுரை பக்கத்தில் கப்பலூர் போன்ற ஊர்களில் உள்ள ஆலைகளில் அதை சிலிண்டரில் நிரப்புகிறார்கள். அங்கிருந்து வேறு லாரியில் ஏஜென்சி. ஏஜென்சியில் இருந்து மூன்று சக்கர வண்டியில் வீடு.

இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் போதும். 2025 மார்ச் 27ந் தேதி அது நடந்தது. நாமக்கல்லை தலைமையிடமாகக் கொண்ட டேங்கர் லாரி உரிமையாளர்கள், புதிய டெண்டர் நிபந்தனைகளை எதிர்த்து ஸ்டிரைக் செய்தார்கள். தென் மாநிலங்களில் சுமார் 4 ஆயிரம் லாரிகள் ஓடவில்லை.

நான்காம் நாள் ஸ்டிரைக் வாபஸ் ஆனது. சண்டையும் இல்லை, புயலும் இல்லை. டெண்டரில் சில வரிகள். அவ்வளவுதான்!

கையிருப்பு 2 நாளுக்குக் கூட காணாது!

வீட்டில் அரிசி மூட்டை போல நாட்டில் கியாஸ் சேமிப்பு இல்லையா? இருக்கிறது. விசாகப்பட்டினத்தில் பூமிக்கு அடியில் பாறையைக் குடைந்து 60 ஆயிரம் டன் பிடிக்கும் கிடங்கு உள்ளது. மங்களூரில் 80 ஆயிரம் டன் பிடிக்கும் இன்னொரு கிடங்கு கட்டப்பட்டது.

இரண்டும் சேர்ந்து 1 லட்சத்து 40 ஆயிரம் டன். நாட்டுக்கு ஒரு நாளைக்குத் தேவை சுமார் 85 ஆயிரம் டன். கணக்குப் போட்டால் இரண்டு நாளுக்குக் கூட காணாது!

இவை தவிர துறைமுகத் தொட்டிகளிலும் ஆலைகளிலும் சரக்கு இருக்கும். ஆனாலும் மாதக்கணக்கில் தாங்குகிற அளவு கிடையாது.

விறகுக்குத் திரும்ப முடியுமா?

ஒரு காலத்தில் திண்டுக்கல்லில் தெருவுக்குத் தெரு விறகுக்கடை. இல்லாதவர்கள் மரத்தூள் அடுப்பும் மண்எண்ணெய் ஸ்டவ்வும் வைத்துக்கொண்டார்கள்.

2006ல் பதவிக்கு வந்த தி.மு.க. அரசு ஏழைப் பெண்களுக்கு இலவச கியாஸ் அடுப்பு கொடுத்தது. 2016 மே 1ந் தேதி மத்திய அரசின் உஜ்வாலா திட்டம் தொடங்கியது. பெண்கள் புகையில் இருமுவது குறைந்தது. பழைய அடுப்பை இடித்து, சமையல் மேடை கட்டினார்கள்.

பிரியாணி அண்டாவுக்கு விறகு போதும். மாடி வீட்டுக் குடித்தனக்காரர் விறகை எங்கே அடுக்குவார்? புகை எந்த வழியாகப் போகும்?

கரண்ட் அடுப்பு ஒன்று பக்கத்தில் இருந்தால் நல்லதுதான். ஆனால் 2012ல் மணிக்கணக்கில் கரண்ட் போனதை இந்த மாவட்டத்து ஜனங்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

குழாய் வருகிறது

இப்போது எல்லோரும் பேசுவது குழாய் கியாசைப் பற்றி. இது சிலிண்டரில் வருவது அல்ல. சிலிண்டரில் இருப்பது புரொப்பேன், பியூட்டேன். காற்றை விட கனமானது. கசிந்தால் தரையில் படரும். குழாயில் வருவது மீத்தேன் என்ற இயற்கை கியாஸ். காற்றை விட லேசானது. கசிந்தால் மேலே போய்விடும். பழைய அடுப்பில் நாசிலை மாற்றினால்தான் இதை எரிக்க முடியும்.

புக் செய்ய வேண்டாம். காத்திருக்க வேண்டாம். கரண்டுக்கு இருப்பது போல மீட்டர் ஓடும். தீவுகள் நீங்கலாக நாட்டின் எல்லா மாவட்டங்களிலும் இதற்கு கம்பெனிகளுக்கு உரிமம் கொடுத்தாகிவிட்டது. திண்டுக்கல்லும் இதில் அடக்கம்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இந்த கியாஸ் எங்கே இருந்து வருகிறது?

அதுவும் கப்பல்தான்!

சென்னை அருகே எண்ணூரில் ஒரு முனையம் இருக்கிறது. 2019 மார்ச் 6ந் தேதி திறந்து வைக்கப்பட்டது. ஆண்டுக்கு 50 லட்சம் டன் இறக்கலாம். மைனஸ் 162 டிகிரியில் திரவமாக்கிய கியாஸ் அங்கே கப்பலில் வந்து இறங்குகிறது. அங்கிருந்து நாகப்பட்டினம், மதுரை, தூத்துக்குடிக்கு குழாய் போடும் திட்டம் தீட்டப்பட்டது.

நாட்டின் இயற்கை கியாஸ் தேவையில் ஏறக்குறைய பாதி இறக்குமதி. இதிலும் பெரிய கடைக்காரர் கத்தார்! 2024 பிப்ரவரியில் பெட்ரோநெட் கம்பெனி கத்தாருடன் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தது. 2028ல் இருந்து 20 ஆண்டுக்கு, வருடம் 75 லட்சம் டன். அந்தக் கப்பலுக்கும் ஹோர்முஸ்தான் வழி.

ஒப்பந்தம் இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு 2022ம் ஆண்டே சாட்சி. ரஷியா-உக்ரைன் போர் மூண்டதும், ரஷிய கம்பெனியின் பழைய கிளை ஒன்று 'கெயில்' நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டிய சரக்கை நிறுத்திவிட்டது. கையெழுத்து இருந்தது. கப்பல் வரவில்லை.

குழாய் வந்தால் நாமக்கல் லாரிக்குக் காத்திருக்கிற கவலை போகும். கடல் கவலை போகாது.

நம் மண்ணில் இல்லையா?

இருக்கிறது. நரிமணம், குத்தாலம் பக்கத்தில் கியாஸ் எடுத்தார்கள். ராமநாதபுரம் வழுதூரில் உள்ளூர் கியாசில் மின்சாரம் தயாரித்தார்கள்.

ஆனால் 2017ல் நெடுவாசலில் விவசாயிகள் கொதித்து எழுந்தார்கள். 2020 பிப்ரவரியில் டெல்டாவைப் பாதுகாக்க தமிழக சட்டசபை சட்டம் போட்டது. கொங்கு மண்டலத்தில் 7 மாவட்டங்களில் கெயில் குழாயை வயலில் பதிக்கக் கூடாது என்று போராட்டம். 2016ல் சுப்ரீம் கோர்ட்டு கெயிலுக்கு ஆதரவாகத் தீர்ப்பு சொன்னது. ஆனாலும் விவசாயியின் பயம் தீரவில்லை. சோறு பொங்க கியாஸ் வேண்டும். அரிசிக்கு வயல் வேண்டும்!

ஒட்டன்சத்திரத்தில் கிடக்குது கியாஸ்

இந்த மாவட்டத்துக்கு யாரும் மறிக்க முடியாத ஒரு வழி இருக்கிறது. சாணமும் குப்பையும்!

ஒட்டன்சத்திரம் மார்க்கெட் தமிழ்நாட்டின் பெரிய காய்கறிச் சந்தைகளில் ஒன்று. கேரளாவுக்கு லாரி லாரியாகப் போகிறது. அங்கே கழிக்கிற அழுகல் தக்காளியும் முட்டைகோஸ் இலையும் மீத்தேன் ஆகும் சரக்கு.

மத்தியபிரதேசம் இந்தூரில் தினம் 550 டன் ஈரக் குப்பையில் இருந்து கியாஸ் எடுக்கும் ஆலை 2022 பிப்ரவரி 19ந் தேதி திறக்கப்பட்டது. அந்த கியாசில் டவுன் பஸ் ஓடுகிறது.

கிராமத்துக்கு இன்னும் சுலபம். 4, 5 மாடு வைத்திருக்கிற வீட்டில் தினம் 50 கிலோ சாணம் கிடைத்தால் 2 கன மீட்டர் கியாஸ் வரும். மாதம் ஏறக்குறைய 2 சிலிண்டருக்குச் சமம். மிச்சம் வரும் கழிவு வயலுக்கு உரம். கிராமப்புற எரிசக்திக்கென்று தனி மையம் வைத்திருந்த காந்திகிராமம் இதே மாவட்டத்தில்தான் இருக்கிறது. சாண கியாசுக்கு இது புது ஊர் இல்லை.

இதனால் மட்டும் திண்டுக்கல் முழுக்க அடுப்பு எரிந்துவிடாது. ஆனால் கப்பல் தாமதமாகிற வாரத்தில் ஆஸ்பத்திரி சமையல்கூடமும் பள்ளிக்கூட சத்துணவும் நிற்காமல் நடக்கும்.

குழாய் பதிக்க ரோட்டைத் தோண்டுகிற அன்றைக்கே, மார்க்கெட் குப்பைக்கும் மாநகராட்சி ஒரு வழி சொல்ல வேண்டும். ரோட்டைத் தோண்டினால் தூசி ஜனங்கள் மேல்தான் விழப்போகிறது. அந்தக் குழாயில் ஒரு பங்கு கியாசாவது இந்த மாவட்டத்தில் பிறந்ததாக இருக்கட்டும் என்று கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு.