வலியை வழியிலேயே மறிக்கும் ஊசி

குழந்தைக்கு இடுப்பில் ஆபரேஷன் என்றாலே பெற்றோருக்குப் பாதி உயிர் போய்விடும். "மயக்கம் தெளிந்ததும் என்ன பாடுபடுமோ!" என்று தாய் கலங்குவாள். நியாயமான கவலைதான்.

சில குழந்தைகளுக்குத் தொடை எலும்பின் உருண்டைத் தலை இடுப்புக் குழியில் சரியாகப் பொருந்துவதில்லை. கைக்குழந்தையாக இருக்கும்போதே கண்டுபிடித்தால் பெரும்பாலும் வார்ப்பட்டை கட்டியே சரிப்படுத்தலாம். நாள் கடந்தால் எலும்பை வெட்டிப் பொருத்த வேண்டியிருக்கும். அந்த வலி சாமான்யமானதல்ல.

பழைய நம்பிக்கை

பச்சிளம் குழந்தைக்கு வலி தெரியாது என்று டாக்டர்களிலேயே பலர் ஒரு காலத்தில் நம்பினார்கள். 1987ல் ஆக்ஸ்போர்டு டாக்டர் ஆனந்தும் சகாக்களும் வெளியிட்ட ஆராய்ச்சி அதைத் தகர்த்தது. போதிய வலிமருந்தின்றி ஆபரேஷனுக்கு உள்ளான குறைமாதக் குழந்தைகளின் உடல் எவ்வளவு தவித்தது என்பதை ரத்தப் பரிசோதனைகளே காட்டிவிட்டன.

மார்பின் வலியை அடக்கும். ஆனால் வாந்தி, அரிப்பு உண்டாகலாம். அளவு மிஞ்சினால் மூச்சே மந்தப்படும்.

நரம்புக்குத் தடை

டெலிபோன் கம்பியில் பேச்சு போவதுபோல, வலி நரம்பு வழியே மூளைக்குப் போகிறது. நடுவழியில் மறித்துவிட்டால்?

குழந்தை மயங்கித் தூங்கும்போதே, அல்ட்ராசவுண்ட் திரையைப் பார்த்தபடி டாக்டர் தொடையிடுக்கருகே ஊசி போடுகிறார். தசைமேல் போர்த்திய சவ்வுக்கு அடியில் மருந்து பரவி நரம்புகளை மரக்கச் செய்கிறது. சவ்வுக்கு அடியில் மருந்து செலுத்தும் முறையைப் பிரெஞ்சு டாக்டர் டாலன்ஸ் குழுவினர் 1989ல் வெளியிட்டனர். அவர்கள் சோதித்த குழந்தைகளில் 100க்கு 90 பேருக்கு மேல் பலன் கிடைத்தது. அதற்கு முன்பிருந்த முறையிலோ 20 பேருக்குத்தான்!

இடுப்பு மூட்டுக்குப் பல நரம்புகள் உண்டு. ஆகவே பெரிய ஆபரேஷனுக்கு முதுகின் அடியில் ஊசி போடுவதும் உண்டு. மெல்லிய குழாய் வைத்து நாள்கணக்கில் மருந்து செலுத்துவதும் உண்டு. மருந்தின் அளவு குழந்தையின் எடையைப் பொறுத்தது.

பெற்றோர் கவனத்துக்கு

ஒற்றை ஊசியின் பலன் சில மணி நேரமே. அது தீருமுன்பே மற்ற வலிமருந்தைத் தொடங்கிவிட வேண்டும். நள்ளிரவில் குழந்தை அலறிய பிறகு தேடக்கூடாது.

மரத்த கால் இறுக்கத்தைச் சொல்லாது. மாவுக்கட்டுக்கு வெளியே தெரியும் விரல்களைப் பாருங்கள். நிறம் மாறினாலோ, வீங்கினாலோ, சில்லிட்டாலோ, மருந்தையும் மீறி வலி கூடினாலோ உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள்.

ஆபரேஷனுக்கு முன்பே மயக்க டாக்டரிடம், "நரம்பை மரக்கச் செய்யும் ஊசி என் குழந்தைக்குப் பொருந்துமா?" என்று கேளுங்கள். குழந்தைக்குக் கேட்கத் தெரியாது. நாம்தான் கேட்க வேண்டும்.