சீலியாக் நோய்: மருந்துகளால் எது இயலும், எது இயலாது?

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்னும் புரதம், சீலியாக் நோய் உள்ளவர்களின் நோய் எதிர்ப்பு மண்டலத்தைத் தூண்டுகிறது. அதனால் சிறுகுடலின் குடலுறிஞ்சிகள் சிதைந்து, உணவின் சத்துகள் உடலில் சேர்வது குறைகிறது.

குளூட்டன் உள்ள உணவை வாழ்நாள் முழுவதும் தவிர்ப்பதே இந்நோய்க்கு நிறுவப்பட்ட சிகிச்சையாகும். அரிசி, கேழ்வரகு, கம்பு, பருப்பு வகைகளில் இயல்பாகக் குளூட்டன் இல்லை. மைதா, ரவை, கோதுமைச் சேமியா ஆகியவற்றைத் தவிர்க்கவும். கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு சேர்க்கப்படுவதுண்டு. உறையிலுள்ள சேர்பொருள் விவரத்தைப் படித்து வாங்கவும்.

மருந்துகள் எப்போது தேவை?

இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் டி, கால்சியம் ஆகியவை குறைந்திருப்பின் மருத்துவர் அவற்றை மாத்திரையாக வழங்குவார். இந்நோயால் தோலில் அரிப்புடன் கொப்புளங்கள் தோன்றினால், உரிய இரத்தப் பரிசோதனைக்குப் பின் டாப்சோன் அளிக்கப்படலாம். உணவுக் கட்டுப்பாட்டுக்குப் பின்னும் குடல் ஆறாத மிகச் சிலருக்கே ஸ்டீராய்டு மருந்துகள் தேவைப்படும்.

புதிய மருந்துகள்

குளூட்டனைச் சிதைக்கும் நொதிகளும், திசு டிரான்ஸ்குளூட்டமினேஸைத் தடுக்கும் மருந்துகளும் ஆய்வில் உள்ளன. இரண்டாம் வகை மருந்து ஒன்று குடல் சிதைவைக் குறைத்ததாக 2021இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. லாரசோடைடு என்னும் மருந்தின் மூன்றாம் கட்ட ஆய்வோ 2022இல் நிறுத்தப்பட்டது. உணவுக் கட்டுப்பாட்டுக்கு மாற்றாக எம்மருந்தும் இதுவரை ஒப்புதல் பெறவில்லை.

ஆகவே, கோதுமை உண்ண உதவும் எனக் கூறி விற்கப்படும் மாத்திரைகளை நம்பி உணவுமுறையைக் கைவிட வேண்டாம். வலியோ வயிற்றுப்போக்கோ இல்லாவிடினும் குடல் சிதைவு தொடரக்கூடும்.