பூக்கடையும் தேடுபொறியும்

'பூக்கடைக்கு விளம்பரம் தேவையில்லை' என்பது பழமொழி. கோலாலம்பூர், பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் நடப்போருக்கு இதன் பொருள் நன்கு விளங்கும். மல்லிகையின் மணமே வாடிக்கையாளரைக் கடைக்கு அழைத்து வந்துவிடும். ஆனால், கைப்பேசித் திரையில் மணம் வீசுவதில்லை. அங்கு வாடிக்கையாளருக்கு வழிகாட்டுவது தேடுபொறியே.

பிரிக்பீல்ட்ஸ், 2010ஆம் ஆண்டு அக்டோபர் 27ஆம் நாள் 'லிட்டில் இந்தியா'வாக அதிகாரப்பூர்வமாகத் திறப்பு விழா கண்டது. கிள்ளானின் தெங்கு கிளானா சாலையும் அதே பெயரால் அழைக்கப்படுகிறது. இவ்விரு இடங்களிலும் துணிக்கடைகள், நகைக்கடைகள், உணவகங்கள் எனப் பல வணிகங்கள் நடைபெறுகின்றன. முன்பு இக்கடைகளின் பெயர் பெரும்பாலும் வாய்மொழியாகவே பரவியது. இன்றோ, வெளியூரிலிருந்து வருபவர் பலர் புறப்படும் முன்பே இணையத்தில் தேடிப் பார்த்துவிடுகின்றனர். முதல் சில முடிவுகளில் இடம்பெறாத கடை, சாலையோரத்திலேயே இருந்தாலும் அவர்கள் கண்ணில் படாமல் போகலாம்.

தேடுபொறி மூன்று கட்டங்களாகச் செயல்படுகிறது. முதலில், தானியங்கி மென்பொருள்கள் இணைப்புகளைப் பின்தொடர்ந்து இணையப் பக்கங்களைப் படிக்கின்றன. அடுத்து, படித்த செய்திகள் ஒரு பெரிய அட்டவணையில் சேமிக்கப்படுகின்றன. இது நூலின் இறுதியில் காணப்படும் சொல்லடைவைப் போன்றது. இறுதியாக, தேடுபவரின் கேள்விக்கு ஏற்ற பக்கங்கள் வரிசைப்படுத்தப்படுகின்றன. இவ்வரிசையைத் தீர்மானிக்கும் விதிகளின் தொகுப்பே படிமுறை, அதாவது அல்காரிதம் ஆகும்.

லேரி பேஜ், செர்கே பிரின் ஆகிய இருவரும் 1998ஆம் ஆண்டு கூகுள் நிறுவனத்தைத் தொடங்கினர். ஒரு பக்கத்திற்குப் பிற பக்கங்கள் தரும் இணைப்பைப் பரிந்துரையாகக் கருதுவதே அவர்களின் அடிப்படைக் கருத்து. நன்மதிப்புப் பெற்ற பக்கத்தின் பரிந்துரைக்கு மதிப்பு அதிகம். இன்று இதனுடன் வேறு பல காரணிகளும் சேர்ந்துள்ளன. 2015ஆம் ஆண்டு ஏப்ரல் முதல், கைப்பேசித் தேடலில் கைப்பேசிக்கு ஏற்ற பக்கங்களுக்கு முன்னுரிமை வழங்கப்பட்டது.

அருகிலுள்ள கடைகளைத் தேடும்போது பொருத்தம், தொலைவு, நன்மதிப்பு ஆகிய மூன்றும் முக்கியமாகக் கருதப்படுகின்றன. கே.எல். சென்ட்ரல் நிலையத்தில் நிற்பவர் 'வாழை இலை உணவகம்' எனத் தேடினால் பிரிக்பீல்ட்ஸ் உணவகங்கள் முன்னிற்கும். அதே சொற்களைக் கிள்ளானில் தேடுபவருக்கு வேறு பட்டியல் கிடைக்கும்.

எனவே, வணிகர் தம் கடையைப் பற்றிய தகவலைத் தெளிவாக எழுதுவது அவசியம். கடைக்காரர் 'புடவை' என்று எழுதியிருக்க, வாடிக்கையாளர் 'சேலை' என்று தேடலாம். மற்றொருவர் மலாய் மொழியில் தேடலாம். பொருத்தமான சொற்கள் இயல்பாக இடம்பெற்றால் கடையைக் கண்டறிவது எளிதாகும். விலைப்பட்டியலைப் படமாக மட்டும் வெளியிடாமல் எழுத்திலும் தருவது நன்று. பழைய முகவரியும் தவறான வேலை நேரமும் வாடிக்கையாளரின் நம்பிக்கையைக் குலைத்துவிடும்.

சிலர் குறுக்குவழியை நாடுகின்றனர். விலைக்கு வாங்கிய இணைப்புகளும் போலிக் கருத்துரைகளும் அவற்றுள் அடங்கும். செயற்கை இணைப்புகளைக் கட்டுப்படுத்த, கூகுள் 2012ஆம் ஆண்டு 'பெங்குயின்' எனும் மாற்றத்தை அறிமுகப்படுத்தியது. அதனால் பல தளங்கள் பின்னுக்குத் தள்ளப்பட்டன. கட்டணம் செலுத்தி வெளியிடப்படும் முடிவுகளில் விளம்பரம் என்ற அடையாளம் இருக்கும். பயனீட்டாளர்கள் அதனைக் கவனிக்க வேண்டும்.

முதலிடத்தில் தோன்றும் கடையே சிறந்த கடை என்று கூறிவிட முடியாது. தலைமுறை தலைமுறையாகச் சுவையோடு சமைக்கும் உணவகம், இணையத்தில் தன்னைப் பற்றி ஒரு வரிகூட எழுதாததால் பின்தங்கியிருக்கலாம். படிமுறைக்குச் சுவை தெரியாது. எழுதப்பட்டதும் பிறர் கூறியதும் மட்டுமே தெரியும். இணையம் அறிந்த இளையோர் தம் குடும்பக் கடையின் பெயரையும் முகவரியையும் செம்மையாகப் பதிவு செய்தால், பூக்கடையின் மணம் திரையைக் கடந்தும் வாடிக்கையாளரை எட்டும்.